முழுவெண்ணின் வரம்பும் நிரல்மொழியின் இலக்கணமும்

மக்கள் பேசும் மொழிகள் வழக்கினால் மாறுவன. கணிப்பொறிக்கு ஏவல் எழுதப் பயன்படும் நிரல்மொழிகளோ, அறிஞர் சிலர் கூடி, ஆய்ந்து, முடிவு செய்து மாற்றப்படுவன. இவற்றிற்கும் சொல் உண்டு; தொடர் உண்டு; இத்தொடர்க்கு இதுவே பொருள் என்னும் வரையறையும் உண்டு. ஆதலின் இவற்றின் இலக்கணத்தைத் திருத்தியமைக்குங்கால் எழும் வினாக்கள் மொழியாராய்வார்க்கு முற்றும் புறம்பானவை அல்ல. அவற்றுள் ஒன்றனை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிச் செல்லும் முழுவெண்ணுக்கு நிரல்மொழியில் எல்லை உண்டா? உண்டெனின், அவ்வெல்லையை வகுப்பது மொழியா, அன்றி அம்மொழி இயங்கும் பொறியா?

இவ்வினாவிற்குப் பைத்தான் என்னும் நிரல்மொழியார் 2001 முதல் 2008 வரை படிப்படியாக விடை கண்டனர். தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுமாறு முத்தையா அண்ணாமலை என்பார் அமைத்த எழில் என்னும் மொழி அப்பைத்தானைக் கொண்டு கட்டப்பட்டது. எழிலைப் பற்றிய அவர்தம் ஆய்வுரை 2009இல் வெளிவந்தது. ஆகவே பைத்தானில் முழுவெண்ணுக்கு நேர்ந்த மாற்றம் தமிழில் நிரல் எழுதக் கற்கும் மாணவரையும் தொடுவதாயிற்று. அம்மாற்றத்தின் காரணத்தையும் போக்கையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலமும் எண்ணும்

கொங்கு நாட்டில் தவசம் அளக்க வள்ளம் என்னும் அளவை வழங்கி வந்தது. எம் ஊராகிய வெள்ளகோவில் பக்கத்து முதியோர் நிலத்தையும் வள்ளக் கணக்கில் கூறக் கேட்டிருக்கின்றோம். 1956ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் தொடங்கி மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமுன், இத்தகைய அளவைகள் ஊர்தோறும் வேறுபட்டு நின்றன. பெயர் ஒன்று, கொள்ளளவு வேறு. இத்தனை வள்ளம் என்று ஒருவர் ஓலையில் எழுதி அனுப்பினால், எவ்வூர் வள்ளம் என்று அறியாதவர்க்கு அவ்வோலை அரைப்பொருளே தரும். சோழர் காலத்துக் கல்வெட்டுகளை எழுதுவித்தோர் இக்குறையை நன்கு உணர்ந்திருந்தனர். நிலத்தின் பரப்பைக் கூறுமிடத்துப் பன்னிருசாண் கோலால் அளந்ததா, பதினறுசாண் கோலால் அளந்ததா என்பதையும் உடன்பொறித்தனர். அளவுகோல் இன்னதென்று கூறாத அளவு அளவன்று என்பது அவர் கொள்கை போலும்.

கணிப்பொறியிலும் எண் ஒரு கலத்தில் வைக்கப்படுகின்றது. அக்கலம் பிட் எனப்படும் சிறு அறைகளால் ஆயது. ஒவ்வோர் அறையிலும் 0 அல்லது 1 நிற்கும். 32 அறைகள் கொண்ட கலத்தில், எதிர்மறை எண்களுக்கும் இடம் விட்டு வைத்தால், அடங்கும் பேரெண் 2147483647 ஆகும். 64 அறைகள் கொண்டதில் அடங்குவது 9223372036854775807. இவ்வெண்களைக் கடந்தால் நேர்வது என்ன? கரூருக்கும் கோவைக்கும் இடையே ஓடித் தேய்ந்த பழைய சரக்குந்துகளின் தொலைவு காட்டும் கருவி 99999 கிலோமீட்டரைக் கண்டபின் மீண்டும் 00000 எனச் சுழன்று நிற்பதைக் காணலாம். வண்டி புதிதாயிற்று என்று எவரும் கொள்வதில்லை. அடுத்த இலக்கத்திற்குக் கருவியில் இடமில்லை, அவ்வளவே. கணிப்பொறிக் கலத்திலும் இதுவே நிகழும். ஒரு வேறுபாடு உண்டு. குறியுடைய 32 அறைக் கலத்தில் 2147483647 என்பதனோடு ஒன்று கூட்டின் பெரும்பாலும் விடையாக வருவது சுழியன்று. எதிர்மறையாகிய 2147483648 ஆகும்.

இது வெறும் கற்பனை அன்று. 1, 2, 3 எனத் தொடங்கி 12 வரை உள்ள எண்களைப் பெருக்கினால் 479001600 வரும். இது 32 அறைக் கலத்தில் அடங்கும். 13 வரை பெருக்கினால் வரவேண்டுவது 6227020800. ஜாவா என்னும் மொழியின் இயல்பான முழுவெண்ணில் இதனைக் கணக்கிட்டால் வருவதோ 1932053504. எதிர்மறையாகவேனும் வந்திருந்தால் கற்பவர் ஐயுறுவர். இவ்விடை உண்மை போன்ற தோற்றத்தோடு வந்து நிற்கின்றது. பிழையென்று தெரியும் பிழையினும் சரியென்று தோன்றும் பிழையே கொடிது.

இன்னும் அண்மையில் உள்ளன காண்போம். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கத்தன. 6 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றைத் தலையாக உடையன. அவற்றுள் ஒன்றுகூட 32 அறைக் கலத்தில் அடங்காது. பன்னிரண்டு இலக்கத்து ஆதார் எண்ணைச் சொல்லவே வேண்டா. வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சூரியகாந்தி விதை ஏலம் நடைபெறுவதைப் பலரும் அறிவர். அங்கு விதை வாங்கும் வணிகர் ஒருவர் தம் கணக்கை நிரலாக்க விரும்புகின்றார் எனக் கொள்வோம். ரூபாயைப் புள்ளியோடு எழுதினால் இரும எண்முறையில் பத்திலொன்று முதலியவை துல்லியமாக அமையா. ஆதலின் எல்லாவற்றையும் பைசாவாக்கி முழுவெண்ணில் வைப்பதே அறிந்தோர் நெறி. ஆனால் 2147483647 பைசா என்பது 2,14,74,836 ரூபாய் 47 பைசாவே. அவர்தம் கொள்முதல் இரண்டு கோடியே பதினைந்து இலட்சத்தைத் தொடும் நாளில் கணக்கு முறியும். நேர்மையான முறையைக் கைக்கொண்டவர்க்கே இத்துன்பம் நேர்வது காண்க.

கைப்பேசி எண் கூட்டவோ கழிக்கவோ ஆவதன்று. இலக்க வடிவில் அமைந்த பெயர் அது. அதனை எழுத்துத் தொடராக வைப்பதே முறை என்பது எம் கருத்து. ஆயினும் எண்போல் தோன்றுவதை எண்ணாகவே கொள்ளுதல் தொடக்க நிலை மாணவரின் இயல்பாதலின் அவ்வெடுத்துக்காட்டையும் மேலே தந்தோம்.

பொறி வகுத்த எல்லை

1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி அமைத்த சி மொழி முழுவெண்ணின் அகலத்தைத் தானே வகுக்கவில்லை. பொறிக்கு இயல்பாக எது பொருந்துமோ அதுவே ஆகுக என விட்டது. பின்னர் 1989இல் ஏற்பட்ட தரவரையறையும் இண்ட் என்னும் எண்வகை 16 அறைக்குக் குறையாதிருத்தல் வேண்டும், லாங் என்னும் எண்வகை 32 அறைக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று கீழெல்லை மட்டுமே கூறியது. அக்காலப் பொறிகள் பல்வேறு அமைப்பின. விரைவே பெரிதென்று கருதப்பட்டது. ஆதலின் அம்முடிவைக் குறைகூறுதற்கில்லை. ஆனால் அதன் விளைவு ஊருக்கொரு வள்ளமாயிற்று. 64 அறைப் பொறிகள் பரவிய பின்னரும் லினக்ஸ் முதலிய இயக்கத்தளங்களில் லாங் என்பது 64 அறையாகவும், 64 அறை விண்டோசில் அதே லாங் 32 அறையாகவும் நின்றன. இன்றும் அவ்வாறே நிற்கின்றன.

இதற்குத் தீர்வு கண்டோர் இரு திறத்தர். 1996இல் வெளிவந்த ஜாவா மொழியார் எப்பொறியாயினும் இண்ட் 32 அறை, லாங் 64 அறை என்று அறுதியிட்டனர். நாடெங்கும் ஒரே வள்ளம் என்று ஆணையிட்டது போன்றது இது. சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரவரையறையோ 32 அறை எண், 64 அறை எண் என அகலத்தைப் பெயரிலேயே கூறும் எண்வகைகளைச் சேர்த்தது. இது பதினறுசாண் கோல் என்று கல்லில் பொறித்தது போன்றது. இரண்டும் கலத்தின் அளவைத் தெளிவுபடுத்தின. எண்ணைக் கலத்தினின்று பிரிக்கவில்லை.

இரண்டு முழுவெண்கள்

கைடோ வான் ரோசம் என்பார் 1991இல் வெளியிட்ட பைத்தான் மொழி சி மொழியினால் எழுதப்பட்டது. அம்மொழியில் முழுவெண்கள் இருவகையாக நின்றன. ஒன்று இண்ட். இது பெயரால் சி மொழியின் இண்டை ஒத்ததாயினும், உள்ளே சி மொழியின் லாங் என்னும் கலத்தில் வைக்கப்பட்டது. மற்றொன்று லாங் எனப் பெயர் பெற்றும் சி மொழியின் லாங் அன்று. நினைவகம் உள்ளளவும் நீளும் வரம்பிலா எண் அது. வேண்டுவோர் எண்ணின் இறுதியில் எல் என்னும் ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதி அதனைப் பெறலாம். பெயர்களின் இக்குழப்பமே ஒரு திருத்தத்தை வேண்டி நின்றது எனலாம்.

இண்ட் வகையின் எல்லையைக் கடக்கும் கூட்டலோ பெருக்கலோ வந்தால், பழைய பைத்தான் தவறான விடை தாராமல் மிகைப்புப் பிழை என்று அறிவித்து நிற்கும். இஃது ஓரளவு நன்றே. ஆனால் அவ்வெல்லை பொறிக்குப் பொறி வேறானது. ஒரு பொறியில் செவ்வனே ஓடிய நிரல் பிறிதொரு பொறியில் பிழையென்று நின்றது. எண்ணின் அறைகளை இடப்புறம் நகர்த்தும் செயலிலோ பிழையறிவிப்பும் இல்லை. எல்லை கடந்த அறைகள் ஓசையின்றி உதிர்ந்தன. எல்லாவற்றினும் வியப்பிற்குரியது மற்றொன்று. பதினாறடி எண்முறையில் எஃப் என்னும் இலக்கத்தை எட்டு முறை எழுதினால், 32 அறைப் பொறியில் பழைய பைத்தான் அதனை எதிர்மறை 1 என்று படித்தது. லினக்ஸ் ஓடும் 64 அறைப் பொறியில் 4294967295 என்று படித்தது. எழுத்து ஒன்றே, மொழி ஒன்றே, படிக்கும் பொறியால் பொருள் வேறாயிற்று. கூட்டலின்போது தோன்றும் எல்லையைக் கணக்கின் இடர் என்று கூறி அமைதி காணலாம். எழுதப்பட்ட எண்ணின் பொருளே மாறுவது கணக்கின் இடர் அன்று, இலக்கணத்தின் குறை.

பைத்தான் மொழியார் மாற்றங்களைப் பெப் என்னும் முன்மொழிவு ஏடுகளால் ஆய்ந்து முடிவு செய்வர். அவற்றுள் 237ஆம் ஏடு 2001 மார்ச்சில் மோஷே சாட்கா, கைடோ வான் ரோசம் இருவராலும் எழுதப்பெற்றது. இருவகை முழுவெண்களையும் ஒன்றாக்குக என்பதே அதன் சாரம். ஆனால் ஒரே நாளில் ஆக்கவில்லை. 2001 டிசம்பரில் வந்த 2.2ஆம் பதிப்பில் கூட்டல் பெருக்கல் முதலியவற்றின் விடை எல்லை கடந்தால் தானாகவே லாங்காக மாறியது. 2003இல் வந்த 2.3ஆம் பதிப்பு, நகர்த்தலும் பதினாறடி எண்களும் மாறவுள்ளன என்று எச்சரித்தது. 2004இல் வந்த 2.4ஆம் பதிப்பில் அவை மாறின. 2008 டிசம்பர் 3ஆம் நாள் வெளிவந்த 3.0ஆம் பதிப்பில் லாங் என்னும் பெயரும், எல் என்னும் இறுதியெழுத்தும், மேக்ஸ்இண்ட் என வழங்கிய பேரெண் வரம்பும் ஒருசேர நீங்கின. எஞ்சியது இண்ட் என்னும் பெயர். அப்பெயர்க்குள் வாழ்வதோ பழைய லாங்கின் இயல்பு.

பெயர் ஒன்றனுடையது, பொருள் மற்றொன்றனுடையது என்னும் இந்நிலை நமக்குப் புதிதன்று. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு கூறாக்கப்பட்டபோது, பழைய பைசாவாகிய அறுபத்துநான்கிலொரு கூறு இன்னும் மக்கள் கையில் இருந்தது. ஆதலின் புதிய கூற்றுக்கு நயா பைசா என்று அடைகொடுத்தனர். இரண்டும் உடன்வழங்கிய ஆண்டுகளில் அவ்வடை இன்றியமையாததாயிற்று. பழைய காசு வழக்கொழிந்தபின் 1964இல் நயா என்னும் அடையை நீக்கிப் பைசா என்றே பொறித்தனர். எல் என்னும் இறுதியெழுத்தும் அத்தகைய அடையே. இரண்டு எண்வகைகள் உடன்வாழ்ந்த ஆண்டுகளில் அது வேண்டியிருந்தது. பழையது மறைந்தபின் வேண்டாதாயிற்று. ஆட்சியாளரும் நிரல்மொழியாரும் ஒருவரையொருவர் அறியாது ஒரே நெறியைக் கண்டனர் என்பது சுவைக்கத்தக்கது.

உடன்வாழ்ந்த காலத்தில் இடையூறுகளும் இருந்தன. தமக்கு வந்த பொருள் இண்ட் வகையதா என்று சோதித்து நிரல் எழுதினோர் பலர். எண் எல்லைக்குள் இருக்கும்வரை சோதனை தேறும். கடந்த அன்று தேறாது. மேக்ஸ்இண்ட் என்பதனை முடிவிலிக்கு ஈடாக வழங்கியோரும் இருந்தனர். ஒரு வரிசையின் மிகச் சிறிய எண்ணைக் காண வேண்டின் அதனைத் தொடக்க மதிப்பாகக் கொள்வர். கலத்தின் விளிம்பை எண்ணின் முடிவாகக் கொண்ட வழக்கு அது. அவ்வரம்பு நீங்கியபோது அந்நிரல்கள் முறிந்தன. இழப்பு சிறிதே என்பது எம் துணிபு.

எஞ்சிய விளிம்புகள்

எல்லையே இல்லாதொழிந்ததோ எனின், இல்லை. எண்ணுக்கு எல்லை போயிற்று. கலம் மெய்யாகவே உள்ள இடங்களில் எல்லை நின்றது. பட்டியல் ஒன்றில் எத்தனை உறுப்புகள் இருக்கலாம் என்பது நினைவகத்தின் முகவரிகளைப் பொறுத்தது. 2006இல் வந்த 2.5ஆம் பதிப்புவரை, 64 அறைப் பொறியிலும் ஒரு பட்டியலில் 2147483647 உறுப்புகளுக்கு மேல் அமையாது. மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய 353ஆம் முன்மொழிவு அவ்வெல்லையைப் பொறியின் முகவரி அளவுக்கு உயர்த்தியது. 3.0ஆம் பதிப்பில் மேக்ஸ்இண்ட் நீங்கினும், மேக்ஸ்சைஸ் என்பது நிலைபெற்றது இதனாலேயே. முன்னையது எண்ணின் எல்லை. பின்னையது கொள்கலத்தின் எல்லை. இப்பெயர் வேறுபாட்டில் திருத்தத்தின் கருத்து முழுதும் அடங்கியுள்ளது.

இதனை மாணவர் தாமே கண்டறியலாம். ரேஞ்ச் என்பது தொடரெண்களை உண்டாக்கும் சொல். பத்தின் இருபதாம் அடுக்குவரை ஒரு தொடரை அமைக்க வேண்டினால் இன்றைய பைத்தான் தயங்காது அமைக்கும். அதில் ஓர் எண் அடங்குமா என்று வினவினும் விடை கூறும். அதன் நீளம் எவ்வளவு என்று வினவினால் மட்டும் மிகைப்புப் பிழை என்று மறுக்கும். நீளம் என்பது கலத்தில் வைத்துத் தரப்பட வேண்டிய அளவு என்பதே காரணம். தொடக்க நிலையார்க்கு இது முரணாகத் தோன்றக்கூடும். ஆசிரியர் காரணத்தை விளக்கினாலன்றித் தெளிவு பிறவாது.

மற்றோர் எல்லை 2022இல் புதிதாகவே வந்தது. இரும வடிவில் உள்ள பேரெண்ணைப் பதின்ம இலக்கங்களாக மாற்றுவது எண்ணின் நீளம் மிகமிகப் பன்மடங்கு காலம் கொள்ளும் வேலை. நீளம் இரட்டித்தால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தீங்கு கருதுவோர் மிக நீண்ட எண்ணொன்றை அனுப்பி ஒரு பொறியை முடக்கிவிடக் கூடும். ஆதலின் 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட மாற்றத்தை, வேண்டுமென்று கேட்டாலன்றிச் செய்வதில்லை என்று விதித்தனர். 1 முதல் 2000 வரை பெருக்கிய விடை 5736 இலக்கங்களையுடையது. இன்றைய பைத்தான் அப்பெருக்கலைச் செய்து முடிக்கும். விடையைப் பதின்ம இலக்கங்களாக எழுதிக்காட்ட மட்டும் இசையாது. எண் உளது, எழுத்து மறுக்கப்பட்டது என்னும் இந்நிலை தமிழாசிரியராகிய எம்மை நெடிது சிந்திக்க வைத்தது. எண் வேறு, அதனை எழுதும் வடிவு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வகுப்பறைக்குக் கிடைத்தல் அரிது.

கீழ் என்னும் சொல்

வரம்பிலா எண்ணை வரம்புடைய அறைகளில் எங்ஙனம் வைப்பது? பைத்தான் கையாளும் முறை இது. இரண்டின் 30ஆம் அடுக்காகிய 1073741824 என்பதனை அடியாகக் கொண்டு, ஒவ்வொரு கலத்தையும் ஓர் இலக்கமாகக் கருதி, வேண்டிய அளவு கலங்களை வரிசையாகக் கோத்துக்கொள்கின்றது. நாம் 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களால் எழுதுவது போல, அது நூறு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்களால் எழுதுகின்றது எனலாம். 2009இல் வந்த 3.1ஆம் பதிப்புக்கு முன் அடி இரண்டின் 15ஆம் அடுக்காகிய 32768 ஆகவே இருந்தது. அடி பெரிதாயின் கலங்களின் தொகை குறையும், வேலை விரையும்.

ஒரே அளவை மீளமீள அடுக்கி எல்லையைக் கடக்கும் இந்நெறி தமிழர்க்கு அயலானது அன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் நில அளவைக் கூறுமிடத்து முந்திரி என்னும் 320இல் ஒரு கூற்றுக்கு வருகின்றன. அதனினும் சிறிய கூறு வேண்டும்போது புதுப்பெயர் தேடாமல் கீழ் என்னும் சொல்லைப் பெய்து, அவ்வளவை மீண்டும் 320ஆல் வகுக்கின்றன. கீழ்முந்திரி என்பது 1,02,400இல் ஒரு கூறு. கீழ் மீண்டும் வரின் மீண்டும் 320ஆல் வகுபடும். 320 என்னும் அடி. கீழ் என்னும் இடக்குறி. வேண்டுமளவும் நீளும் வரிசை. பைத்தான் பேரெண்ணுக்குச் செய்ததைச் சோழர்காலக் கணக்கர் சிற்றெண்ணுக்குச் செய்தனர். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று யாம் கூறவில்லை. அத்தகைய கூற்றுகள் நம்மிடையே மலிந்து ஆராய்ச்சியின் மதிப்பைக் குறைத்துள்ளன. ஒத்த இடர்க்கு ஒத்த தீர்வு என்ற அளவே ஈண்டு வேண்டுவது.

பேரெண்களுக்கு நம் மரபு மேற்கொண்டது வேறு நெறி. தாமரை, குவளை, வெள்ளம், சங்கம், ஆம்பல் என அவற்றிற்குத் தனிப்பெயர் இட்டது. அல்பெயர் எண் எனத் தொல்காப்பியர் சுட்டும் இவற்றின் மதிப்பை உரைகளும் பிற்கால நூல்களும் ஒருபடித்தாகக் கூறுவதில்லை. பெயரிட்ட எண்ணுக்கு இவ்விடர் உண்டு; அடுக்கிச் சென்ற கீழ்க்கணக்குக்கு இல்லை.

எழிலும் இனி வரும் தமிழ் நிரல்மொழிகளும்

எழில் மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, வரை, முடி, பின்கொடு என ஏவற்சொற்கள் அமைந்துள்ளன. பைத்தானால் எழுதப்பட்டமையின் இத்தகைய மொழிக்கு வரம்பிலா முழுவெண் எளிதிற் கிட்டும் பேறு. தனியே கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் பேறு தானாக வந்து சேரும் என்று இருத்தல் கூடாது. நிரலில் எழுதப்பட்ட இலக்கங்களைப் படித்து எண்ணாக்கும் இடத்தில், எல்லாவற்றையும் பதின்மப் புள்ளி எண்ணாகவே கொள்வது எளிய வழியாகத் தோன்றும். அவ்வழிச் சென்றால் இரண்டின் 53ஆம் அடுக்காகிய 9007199254740992 வரையே முழுவெண்கள் ஒன்றும் விடாது துல்லியமாக அமையும். அதற்கு அடுத்த எண்ணை எழுதினால் அது முன்னதாகவே மாறிவிடும். 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் இவ்வழியையே மேற்கொண்டு, 2020இல்தான் வரம்பிலா முழுவெண்ணைத் தனிவகையாகச் சேர்த்து, இறுதியில் என் என்னும் எழுத்தை இட்டு எழுதுக என்றது. பைத்தான் களைந்தெறிந்த அடை அங்கே புதிதாக முளைத்தது.

ரூபி மொழியாரோ 2016 டிசம்பரில் சிற்றெண், பேரெண் என்றிருந்த இருவகைகளையும் ஒன்றாக்கினர். கற்பதற்கென அமையும் தமிழ் நிரல்மொழி இவ்வழியையே மேற்கொள்ளத் தகும் என்பது எம் முடிவு. விரைவு குறையும் என்பர். குறையும், ஐயமில்லை, ஆனால் பதின்மூன்று வரை பெருக்கிப் பார்க்கும் பள்ளி மாணவருக்கு நொடியில் ஒரு கூறு மிச்சமாவதினும் சரியான விடை வருவது பெரிது. தவறான விடை வந்தால் அம்மாணவர் சி மொழியின் மேலோ பொறியின் மேலோ குறை காண்பதில்லை. தமிழில் கணக்கு வராது என்றே கொள்வர். இதுவே அஞ்சத்தக்கது.

சொற்களைப் பற்றியும் ஒன்று. முழுவெண் என்னும் பெயரை வரம்பிலா எண்ணுக்கே உரித்தாக்குதல் வேண்டும். கோப்புகளிலும் கருவிகளிலும் அகலம் குறித்த எண் வேண்டியிருப்பின், 32 அறை எண், 64 அறை எண் என அளவைப் பெயரிலேயே வைக்கலாம். குறுமுழுவெண், நெடுமுழுவெண் எனப் பெயரிட்டால் இன்று நெடிது நாளை குறிதாகிவிடும். சி மொழியின் லாங் பட்ட பாடு இதற்குச் சான்று.

தமிழ் இலக்கங்களின் நிலையையும் நோக்குதல் தகும். பைத்தான் 3இல் ௧௨ என்னும் இரண்டு இலக்கங்களை எழுத்துத் தொடராகத் தந்து முழுவெண்ணாக்கக் கேட்டால் 12 என்று விடை வரும். ௧௦ என்பது 10 ஆகும். தமிழ்ச் சுழி யூனிகோடில் 2005இல் வந்த 4.1ஆம் பதிப்பில்தான் இடம் பெற்றது. ஆனால் பண்டைய முறைப்படி ௰௨ என்று எழுதித் தந்தால் அது மறுக்கப்படும். ௰, ௱, ௲ என்பன இடமதிப்பு இலக்கங்கள் அல்ல, தனித்தனி எண்ணுக்குரிய குறிகள் என்று யூனிகோடு பிரித்து வைத்துள்ளமையே காரணம். அப்பிரிவு சரியானதே. பழைய ஏடுகளின் கணக்கை நிரலால் படிக்க விரும்புவோர் இக்குறிகளுக்கெனத் தனி விதியை எழுதிக்கொள்ளல் வேண்டும். அவ்விதி கடினமானதன்று; ௰க்கு முன் நிற்பதைப் பத்தால் பெருக்கிப் பின் நிற்பதைக் கூட்டுவதே.

முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இல் வந்த யூனிகோடு 12.0ஆம் பதிப்பில் தனிப்பகுதியாகச் சேர்ந்தன. கீழ் என்பதற்கும் ஆங்கு ஒரு குறி உண்டு. அப்பகுதி 65535 என்னும் எண்ணுக்கு அப்பாற்பட்டது. எழுத்தொன்றுக்கு 16 அறை எனக் கொண்டு அமைந்த பழைய பைத்தான்களில், விண்டோசில் வழங்கியவை அத்தகையன, இக்குறிகளுள் ஒன்றைத் தந்து நீளம் கேட்டால் 2 என்று விடை வரும். 32 அறை கொண்டவற்றில் 1 என்று வரும். 2012இல் வந்த 3.3ஆம் பதிப்பு இவ்வேறுபாட்டையும் நீக்கிற்று. இன்று எப்பொறியில் கேட்பினும் கீழ் என்னும் குறியின் நீளம் 1.